வதங்கி, வற்றி, வறுபட வேண்டும்: காய்கறியில் மொறுமொறுப்பு வரும் வழி

பாலக்கோட்டில் தக்காளி விலை தரைதட்டிய ஒரு வாரம். வீட்டுக்காரர் ஒரு முழுப் பெட்டியை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துத் தருமபுரி வரை கொண்டுவந்துவிட்டார். ரசம், தொக்கு, குழம்பு என்று எல்லாம் செய்து பார்த்தும் பாதிப் பெட்டி மிச்சம். அப்போதுதான் சூடான காற்றிலேயே வறுத்தெடுக்கும் ஏர் ஃபிரையர் வாங்கியிருந்தோம். புதுக் கருவியின் உற்சாகத்தில் தக்காளியை வட்ட வட்டமாக நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, கூடை நிறைய அடுக்கி, 200 டிகிரியில் வைத்தேன். இருபது நிமிடம் கழித்துத் திறந்தால் ஓரத்தில் கரி, நடுவில் கூழ், அடித்தட்டில் ரசம். மாமியார் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, தொக்கு செய்ய இவ்வளவு பெரிய மெஷின் வேண்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்குச் செய்த தவறுகளை எண்ணினால் ஐந்து தேறும். காய் தவறு, கனம் தவறு, உப்புப் போட்ட நேரம் தவறு, கூடையை நிரப்பியது தவறு, வைத்த சூடும் தவறு. ஐந்துக்கும் வேர் ஒன்றுதான். தண்ணீரை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. நிறைய எண்ணெய் இருந்தால் மொறுமொறுப்பு வரும், நிறையச் சூடு இருந்தால் வரும் என்று நினைத்திருந்தேன். எண்ணெயும் சூடும் தண்ணீரை வெளியேற்றுவதற்கு நாம் வைக்கும் கூலியாட்கள். காய்க்குள் இருக்கும் தண்ணீர் கிளம்பிப் போன பிறகுதான் மொறுமொறுப்பு வந்து உட்காரும். இது புரிந்துவிட்டால் செய்முறைக் குறிப்பே இல்லாமல் எந்தக் காயையும் கையாளலாம். புரியாவிட்டால் எந்தக் குறிப்பும் காப்பாற்றாது.

இரண்டு சத்தங்கள்

பச்சைக் கேரட்டைக் கடித்தாலும் சத்தம் வருகிறது, சிப்ஸைக் கடித்தாலும் சத்தம் வருகிறது. முதலாவதை "நறுக்" என்கிறோம், இரண்டாவதை "மொறுமொறு" என்கிறோம். நம் காது சரியாகத்தான் பிரித்து வைத்திருக்கிறது. பச்சைக் கேரட்டின் ஒவ்வொரு செல்லும் தண்ணீர் நிரம்பி, காற்றடித்த சைக்கிள் டியூப்போல விறைத்து நிற்கிறது. பல் பட்டதும் செல் உடைந்து சாறு தெறிக்கிறது. வறுத்த துண்டில் அந்தத் தண்ணீர் இல்லை. செல் சுவர்களும் மாவுச்சத்தும் காய்ந்து இறுகி, நடுநடுவே காற்றறைகளோடு நிற்கின்றன. பல் பட்டதும் அவை நொறுங்குகின்றன. ஒன்று தண்ணீர் நிறைந்திருப்பதால் வரும் சத்தம், மற்றது தண்ணீர் இல்லாததால் வரும் சத்தம். இரண்டுக்கும் நடுவில் சத்தமே இல்லாத, துவண்டு சவசவத்த ஒரு நிலை இருக்கிறது.

மாவுச்சத்து தண்ணீரோடு இருக்கும்வரை ரப்பர்போல வளையும். ஈரம் சில சதவிகிதத்துக்குக் கீழே இறங்கியதும் கண்ணாடிபோல இறுகும், வளைத்தால் உடையும். உணவு அறிவியலிலும் இதைக் கண்ணாடி நிலை என்றே சொல்கிறார்கள். மறுபடி ஈரம் ஏறினால் மறுபடி ரப்பர்தான். ஐப்பசி மழையில் தட்டில் திறந்துகிடந்த அப்பளத்தை எடுத்துப் பார்த்து "நமத்துப் போய்விட்டது" என்கிறோமே, அந்த ஒரு சொல்லுக்குள் இந்தப் பாடம் முழுவதும் இருக்கிறது.

அடுப்படியில் இன்னும் மூன்று சொற்கள் இருக்கின்றன. வதங்குதல், வற்றுதல், வறுபடுதல். அன்றாடம் மாற்றி மாற்றிச் சொன்னாலும் இவை மூன்றும் வேறு வேறு கட்டங்கள். சூடு ஏறியதும் செல் சுவர் தளர்ந்து காய் துவளுகிறது, அது வதங்குதல். பிறகு தண்ணீர் ஆவியாகி வெளியேறி, துண்டு சுருங்கி எடை குறைகிறது, அது வற்றுதல். தண்ணீர் தீர்ந்த பிறகு சூடு நூறு டிகிரியைத் தாண்டி ஏறி, நிறமும் மணமும் மாறுகிறது, அது வறுபடுதல். நறுக்கிலிருந்து மொறுமொறுவுக்குப் போகும் எந்தக் காயும் இந்த மூன்றையும் இதே வரிசையில் கடந்துதான் ஆக வேண்டும்.

புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவது கட்டத்தில்தான் தோற்கிறார்கள். பத்து நிமிடம் கழித்துத் திறந்தால் காய் துவண்டு கிடக்கிறது. ஐயோ, சூடு போதவில்லை என்று தீயை ஏற்றிவிடுகிறார்கள். அங்கேதான் கெடுகிறது. தண்ணீர் இருக்கும்வரை துண்டின் உட்பகுதி நூறு டிகிரியை ஒட்டியே நிற்கும், நீங்கள் வெளியே எத்தனை டிகிரி வைத்தாலும். நன்றாகச் சிவக்க ஏறத்தாழ 140 டிகிரி வேண்டும். தீயை ஏற்றினால் முதலில் காய்ந்த ஓரம் மட்டும் 140ஐத் தாண்டிச் சிவந்து கருகும், நடுப்பகுதி ஈரமாகவே இருக்கும். என் தக்காளி அதைத்தான் செய்தது.

வற்றுவதற்கு ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கலாம். ஒரு பாத்திரத் தண்ணீர் சில நிமிடத்தில் கொதித்துவிடுகிறது. அதே தண்ணீர் முழுவதும் சுண்டிப் பாத்திரம் காய எத்தனை நேரம் ஆகிறது என்று பாருங்கள். அறைச் சூட்டிலிருக்கும் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல ஏழெட்டு மடங்கு, அதை முழுதாக ஆவியாக்க வேண்டும். நொறுக்குத் தீனி செய்வதில் முக்கால்வாசி நேரம் இந்த வேலைக்கே போகிறது. அதைக் குறுக்க முடியாது. ஆவியாக வேண்டிய தண்ணீரை முன்கூட்டியே குறைத்துக்கொள்ளலாம், அது வெளியேறும் பாதையைத் திறந்து வைக்கலாம், அவ்வளவுதான்.

முதல் பாடத்துக்குக் கறிவேப்பிலை

எடுத்த எடுப்பில் பீட்ரூட் சிப்ஸ் செய்யப் போகாதீர்கள். இரண்டு கொத்துக் கறிவேப்பிலையும் ஒரு தோசைக்கல்லும் போதும். இலையைக் கழுவி, துணியில் ஒற்றி, காற்றாட விட்டு, எண்ணெய் இல்லாமல் காய்ந்த கல்லில் போட்டுத் தீயைச் சிறியதாக வையுங்கள். கரண்டியால் மெதுவாகக் கிளறிக்கொண்டே கவனியுங்கள்.

முதல் நிமிடத்தில் இலை பளபளவென்று கரும்பச்சையாகிக் கல்லோடு படியும். ஒரு தட்டை மேலே பிடித்தால் அதன் அடியில் முத்து முத்தாக ஈரம் கோக்கும். அடுத்த இரண்டு மூன்று நிமிடத்தில் பளபளப்பு மங்கி, ஓரம் உள்பக்கமாகச் சுருண்டு, இலை கல்லைவிட்டு எழும்பும். கடைசியில் சத்தம் மாறும். அதுவரை ஊமையாக இருந்த இலைகள், கரண்டி பட்டதும் காய்ந்த சருகுபோலச் சலசலக்கும். ஓர் இலையை எடுத்து மடக்குங்கள். வளையாமல் பொடிந்தால் முடிந்தது. ஐந்தாறு நிமிடத்துக்குள் மூன்று கட்டங்களையும் கண்ணாலும் காதாலும் பார்த்தாயிற்று. மற்றக் காய்களிலும் இதேதான் நடக்கிறது, அரை மணி நேரமாக நீள்கிறது.

அந்தச் சலசலப்புதான் எனக்கு இப்போதும் அளவுகோல். ஏர் ஃபிரையர் கூடையைக் குலுக்கினால் துண்டுகள் "தொப்" என்று விழுந்தால் ஈரம் மிச்சமிருக்கிறது. கலகலவென்று உருண்டால் நிறுத்திவிடலாம். கடிகாரத்தைவிடக் காதை நம்புவது நல்லது, ஏனென்றால் ஒரே நாளில் வாங்கிய இரண்டு வெண்டைக்காயிலும் ஒரே அளவு தண்ணீர் இருப்பதில்லை.

வெண்டைக்காயைத் தராசில் வைத்தபோது

வெண்டைக்காயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தண்ணீர். 200 கிராம் எடுத்தால் 180 கிராம் தண்ணீர், 20 கிராம்தான் காய். இதைப் படித்துத் தெரிந்துகொள்வது ஒன்று, தராசில் பார்ப்பது வேறு. சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் ஒரு முறையாவது செய்து பாருங்கள்.

உழவர் சந்தையில் நுனியை ஒடித்தால் "பட்" என்று முறியும் பிஞ்சுக் காயாகப் பார்த்து வாங்கினேன். முற்றின வெண்டை எத்தனை வறுத்தாலும் நார் நாராகவே இருக்கும், அதைப் பேரம் பேசி வாங்குவதில் அர்த்தமில்லை. முழுக் காயாகவே கழுவி, ஒவ்வொன்றாகத் துடைத்து, அதற்குப் பிறகுதான் நறுக்கினேன். நறுக்கிய வெண்டையில் தண்ணீர் பட்டால் கொழகொழப்பு கிளம்பிவிடும். காம்பும் நுனியும் நீக்கி, நீளவாக்கில் நான்காகப் பிளந்து, எடை போட்டால் சரியாக 200 கிராம். தாம்பாளத்தில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே ஒரு மணி நேரம் வைத்தேன். பதினைந்து கிராம் அப்போதே குறைந்துவிட்டது, கரண்டுச் செலவு மின்விசிறிக்கு மட்டும்.

ஒரு தேக்கரண்டிக் கடலை எண்ணெயையும் சிட்டிகை மஞ்சள்தூளையும் கையால் பிசிறி, கூடையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, 160 டிகிரியில் வைத்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குலுக்கல். பத்தாவது நிமிடத்தில் பார்த்தால் துவண்டு, சோர்ந்து, யாரும் சாப்பிட நினைக்காத கோலம். எடை 110ஐ ஒட்டி. முன்பென்றால் அங்கேயே 200க்கு ஏற்றியிருப்பேன். கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். இருபத்து மூன்றாவது நிமிடத்தில் கலகல சத்தம் வந்தது. தராசு காட்டியது 27 கிராம். ஒரு தாம்பாளம் நிறைந்திருந்த காய் இரண்டு கைப்பிடிக்குள் அடங்கிவிட்டது.

இந்த 27 கிராமைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எண்ணெய்க் கணக்கும் உப்புக் கணக்கும் இதிலிருந்துதான் வருகின்றன, பலர் ஏமாறுவதும் இங்கேதான். ஒரு தேக்கரண்டி எண்ணெய் நாலைந்து கிராம். அது முடிவில் மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சரி. "கொஞ்சம் தாராளமாகவே ஊற்றலாம், பொரிக்கவில்லையே" என்று ஒரு மேசைக்கரண்டி ஊற்றினால் அது 14 கிராம். தண்ணீர் போய்விடும், எண்ணெய் போகாது. கூடைக்கு அடியில் வழிந்ததுபோக மிச்சமெல்லாம் அந்த 20 கிராம் காயோடு ஒட்டிக்கொள்ளும், அதாவது கையில் இருக்கும் தீனியில் ஐந்தில் இரண்டு பங்குவரை எண்ணெய். கடையில் விற்கும் பொரித்த உருளைக்கிழங்கு சிப்ஸில்கூட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் எண்ணெய் இருக்கும். பொரிக்காமல் செய்தோம் என்ற நிம்மதியில் பொரித்ததைவிட அதிக எண்ணெயைச் சாப்பிட வழி இருக்கிறது. கரண்டியால் அளக்காமல் பாட்டிலைச் சாய்க்கிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

உப்பும் அப்படியே. 200 கிராம் வெண்டைக்காய்ப் பொரியலுக்கு அரைத் தேக்கரண்டி உப்பு சரியாக இருக்கும். அதே அளவை வறுவலில் போட்டால், 27 கிராம் பண்டத்தில் மூன்று கிராம் உப்பு, ஊறுகாய்க்குச் சமம். இரண்டு விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை போதும். இறக்கிய சூட்டிலேயே, எண்ணெய்ப் பசை இருக்கும்போதே தூவிவிட்டால் ஒட்டிக்கொள்ளும். மிளகாய்த்தூள், மிளகுத்தூள், பெருங்காயம் எல்லாமும் அப்போதுதான். முதலிலேயே போட்ட மிளகாய்த்தூள் கருகி வீடே இருமும்.

முதலிலேயே உப்புப் போட்டால் என்ன ஆகும்? உப்பு காய்க்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கும். பாகற்காய்க்கு இது வரம்: வட்டமாக நறுக்கி உப்புப் பிசிறி அரை மணி நேரம் வைத்து, ஊறிய நீரை இறுகப் பிழிந்து, துணியில் ஒற்றிவிட்டால் பாதி வேலை முடிந்தது, கசப்பும் கொஞ்சம் குறையும். பிழிவதாக இருந்தால் முன்னால் போடுங்கள், பிழிவதாக இல்லையென்றால் கடைசியில் போடுங்கள். உப்புப் போட்டுப் பிழியாமல் அப்படியே அடுப்பில் ஏற்றுவதுதான் கெடுக்கும் வழி. இழுத்த தண்ணீர் காயின் மேலேயே தேங்கி, அதிலேயே காய் அவியும்.

எந்தக் காய், எவ்வளவு கனம்

தண்ணீர் குறைவாகவும் மாவுச்சத்து அதிகமாகவும் உள்ள காய்தான் தொடங்குகிறவர்களுக்கு ஏற்றது. வாழைக்காய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, உருளைக்கிழங்கு ஆகியவை 70 முதல் 80 சதவிகிதம் தண்ணீர் உள்ளவை. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து வரும் கேரட்டும் பீட்ரூட்டும் 88ஐ ஒட்டியவை. செய்யலாம், கவனம் வேண்டும். தக்காளி, வெள்ளரி, சுரைக்காய், முள்ளங்கி எல்லாம் 95ஐ ஒட்டியவை. ஒரு கிலோ தக்காளியில் காய்ந்த பொருள் ஐம்பது அறுபது கிராம் தேறும். அதை ஏர் ஃபிரையரில் மொறுமொறுப்பாக்க நினைப்பது கிணற்றைக் கரண்டியால் இறைப்பதுபோல.

கனம் ஒரு ரூபாய் நாணயத்தின் தடிமன், அதாவது ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். கத்தியால் இது வராது; சிப்ஸ் சீவும் கட்டை ஒன்று வாங்கிவிடுங்கள். மெல்லியதாக இருப்பதைவிட ஒரே கனமாக இருப்பது முக்கியம். கால் பங்குத் துண்டுகள் தடியாக இருந்தால், அவை வற்றுவதற்குள் மெல்லியவை கருகிவிடும்.

பீட்ரூட்டுக்கும் கேரட்டுக்கும் சர்க்கரை அதிகம். சர்க்கரை சீக்கிரம் சிவக்கும், சீக்கிரம் கசக்கும். இவற்றை 130, 140 டிகிரிக்கு மேல் கொண்டுபோகாமல் முப்பது நாற்பது நிமிடம் விட வேண்டும். பீட்ரூட்டின் செந்நிறம் சூட்டுக்கு அஞ்சும், அதிகச் சூட்டில் பழுப்பாகிவிடும். கேரட்டின் நிறம் அவ்வளவு எளிதில் போகாது. கீரை வகைக்கு 120, 130 டிகிரியே போதும். எட்டு நிமிடம் தாண்டினால் பக்கத்தைவிட்டு நகராதீர்கள். ஏர் ஃபிரையரில் மெல்லிய இலை காற்றில் பறந்து மேலே உள்ள சூட்டுக் கம்பியில் ஒட்டிக்கொள்ளவும் செய்யும். ஒரு சின்னக் கம்பித் தட்டை மேலே கவிழ்த்து வைப்பது என் ஏற்பாடு.

உருளைக்கிழங்கையும் சர்க்கரைவள்ளியையும் சீவியதும் இருபது நிமிடம் தண்ணீரில் போட்டு வைத்து, நன்றாக அலசித் துடைக்க வேண்டும். தண்ணீரைப் போக்க நினைக்கிறவர்கள் தண்ணீரிலேயே போடுவதா என்றால், மேற்பரப்பில் உள்ள சர்க்கரையும் தளர்ந்த மாவும் கரைந்து போவதற்காக. உருளையை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் அதன் மாவுச்சத்து கொஞ்சம் சர்க்கரையாக மாறும், வறுக்கும்போது திட்டுத்திட்டாகக் கறுக்கும். அந்தக் கறுப்பு ருசிக்கு மட்டும் கேடு இல்லை. மாவுச்சத்துள்ள உணவை 120 டிகிரிக்கு மேல் வறுக்கும்போது அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உண்டாகிறது என்பதை 2002இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். நிறம் கறுக்கக் கறுக்க அது கூடுகிறது. பயப்பட வேண்டியதில்லை, பொன்னிறத்தில் நிறுத்திவிடுங்கள்.

மரவள்ளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கே குச்சிக்கிழங்கு என்போம். அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் காடு காடாக விளைகிறது. தண்ணீர் அறுபது சதவிகிதம்தான், மாவுச்சத்து ஏராளம், மொறுமொறுப்புக்கு என்றே பிறந்த கிழங்கு. ஆனால் அதில் சயனைடைத் தரக்கூடிய ஒரு வேதிப்பொருள் இயற்கையாகவே இருக்கிறது, கசக்கும் ரகத்தில் அதிகம். ஜவ்வரிசி ஆலைக்குப் போகிற லோடிலிருந்து யாராவது கிழங்கு கொடுத்தால் அதை நொறுக்குத் தீனிக்கு எடுக்காதீர்கள், சாப்பாட்டுக் கிழங்கு என்று கேட்டு வாங்குங்கள். பழுப்புத் தோலையும் அதற்கு அடியில் உள்ள தடித்த பட்டையையும் முழுவதும் உரித்து, துண்டாக்கி ஊறவைத்து, வேகவைத்து, வெந்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். ஆறியபின் சீவிக் காயவைத்து வறுத்தால் பச்சையாகச் சீவியதைவிட நன்றாகவும் வரும், ஏனென்றால் வெந்த மாவுச்சத்து காயும்போது இன்னும் சீராக இறுகுகிறது. வாயில் வைத்ததும் கசந்தால் துப்பிவிட்டு மொத்தத்தையும் எறிந்துவிட வேண்டும்.

தண்ணீர்க் காய்க்கு மாவுப் போர்வை ஒரு நல்ல உபாயம். பஜ்ஜிமாவுபோலக் கரைக்கக் கூடாது. உலர்ந்த மாவைத் தூவிப் பிசிறினால், காயின் ஈரத்தை மாவு உறிஞ்சி, மேலே மெல்லிய ஓடாகக் காயும். எங்கள் ஊரில் களிக்கு வைத்திருக்கும் கேழ்வரகு மாவு எந்த வீட்டிலும் இருக்கும். 200 கிராம் வெண்டைக்கோ வெங்காயத்துக்கோ கேழ்வரகு மாவு ஒரு மேசைக்கரண்டி, அரிசி மாவு ஒரு மேசைக்கரண்டி. மாவுக்கு இழுவை தரும் குளூட்டன் என்ற புரதம் இரண்டிலும் கிடையாது. அது உள்ள கோதுமை, மைதாப் போர்வை ஆறியதும் தோல்போல இழுக்கும். கேழ்வரகில் ஒரே சங்கடம், முதலிலிருந்தே பழுப்பாக இருப்பதால் சிவந்ததா கருகியதா என்று கண்ணுக்குத் தெரியாது. அங்கேயும் சத்தம்தான் துணை.

கருவி இல்லாதவர்களுக்கு வெயில்

ஏர் ஃபிரையர் என்பது பெயர்தான் பெரிது, உள்ளே இருப்பது ஒரு சூட்டுக் கம்பியும் வேகமான விசிறியும். துண்டைச் சுற்றித் தேங்கும் ஈரக் காற்றை விசிறி அடித்து விரட்டுகிறது, அதனால்தான் சாதாரண ஓவனைவிடச் சீக்கிரம் காய்கிறது. கூடையைத் திணித்து நிரப்பினால் காற்று போக இடமில்லை, காய் ஆவியில் வேகும். நான்கு லிட்டர் கூடைக்கு 200 கிராமைத் தாண்டாதீர்கள். 1500 வாட் கருவி இருபது நிமிடம் முழு மூச்சாக ஓடினாலும் அரை யூனிட்தான். இரண்டு முறையாகப் போடுவதால் குடி முழுகிவிடாது. ஓவனில் செய்கிறவர்கள் தட்டை ஒருமுறை திருப்பி, கதவை அவ்வப்போது ஒரு கணம் திறந்து ஆவியை விட வேண்டும். தோசைக்கல்லிலும் செய்யலாம். தடித்த கல், சிறு தீ, மூடி கூடவே கூடாது.

ஆனால் தருமபுரிக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய ஓவன் மொட்டைமாடியில் இருக்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் என் மாமியார் கொத்தவரங்காய், பாகற்காய், மோர்மிளகாய் என்று வற்றல் போடுவதைப் பல வருடம் பார்த்தும், நான் கற்றுக்கொள்ள வேண்டியது அங்கே இருக்கிறது என்று தோன்றவில்லை. வற்றல் என்றால் வற்றியது. இரண்டாவது கட்டத்தை மட்டும் தனியாகப் பிரித்து வெயிலிடம் ஒப்படைத்துவிட்டார்கள். மூன்றாவதை வேண்டும்போது எண்ணெயில் ஒரு நிமிடத்தில் முடித்துக்கொண்டார்கள். அதையே நாம் பொரிக்காமல் செய்யலாம். சீவிய வாழைக்காயையோ பாகற்காயையோ மெல்லிய வேட்டித் துணியால் மூடி அரை நாள் வெயிலில் வைத்தால், எடை பாதிக்குக் கீழே இறங்கிவிடும். அதன்பிறகு ஏர் ஃபிரையரில் எட்டுப் பத்து நிமிடம் போதும், அல்லது இரும்புச் சட்டியில் ஒரு தேக்கரண்டி எண்ணெயோடு சிறு தீயில் பிரட்டினாலும் வரும். அன்றே வறுத்துவிட வேண்டும். வறுக்காமல் சேர்த்துவைப்பதாக இருந்தால் ஒடித்தால் முறியும் அளவுக்கு மூன்று நான்கு வெயில் கொடுங்கள், மாலையில் பனி இறங்குமுன் உள்ளே எடுங்கள். அரைகுறையாகக் காய்ந்ததில் பூசணம் பிடித்தால் சுரண்டி எடுத்துவிட்டுச் சாப்பிடலாம் என்ற சிக்கனம் வேண்டாம்.

மிச்சமிருந்த தக்காளிக்கும் அந்த வழிதான் கிடைத்தது. உப்புத் தடவி, நீர் வடித்து, நான்கு நாள் வெயிலில் காய்ந்த துண்டுகளைக் கல்லில் லேசாக வாட்டினால் புளிப்பும் உறைப்புமாகப் பல்லுக்கு நன்றாக வேலை கொடுத்தது. மொறுமொறுப்பு என்று சொல்ல மாட்டேன்.

ஓசூரில் இருக்கும் என் நாத்தனாருக்கு இந்த வெயில் கணக்கு ஒத்துவரவில்லை. ஏறத்தாழ 900 மீட்டர் உயரம், குளிர்ந்த காற்று, ஆனி தொடங்கி மேகமூட்டம். தண்ணீர் அங்கே 97 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் பெரிய மாற்றம் எதுவுமில்லை. மாற்றம் காற்றின் ஈரத்தில்தான். "அண்ணி, நீங்கள் சொன்ன மாதிரியே செய்தேன், டப்பாவில் போட்டுக் காலையில் பார்த்தால் நமத்துப் போயிருக்கிறது" என்று ஃபோனில் குறைப்பட்டுக்கொண்டாள். சூட்டோடு எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடியிருக்கிறாள். சூடான துண்டில் மிச்சமிருந்த ஆவி மூடியின் அடியில் நீராகப் பூத்து, திரும்பக் காயின் மேலேயே சொட்டியிருக்கிறது. இறக்கியதும் கம்பித் தட்டில் பரப்பி ஆறவிட வேண்டும். சூட்டில் கொஞ்சம் வளைந்துகொடுப்பவைகூட ஆறும்போது இறுகி மொறுமொறுக்கும், அதனால் சூட்டோடு கடித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஐந்து நிமிடம் ஆறியும் வளைந்தால் மட்டும் திரும்ப வையுங்கள். கை பொறுக்கும் சூடும் போன பிறகு, அதே நேரம் மழைக்காற்றில் அரை மணி நேரம் கிடக்கவும் விடாமல், இறுக மூடும் டப்பாவில் போட வேண்டும்.

நமத்துப் போனதையும் எறிய வேண்டாம். ஏறிய ஈரம் மேலோட்டமானது, 120 டிகிரியில் ஐந்து நிமிடம் போதும். நாத்தனாரிடம் அதைச் சொன்னேன். பத்து நிமிடம் கழித்துத் திரும்ப அழைத்தாள். எதுவும் சொல்லாமல் ஃபோனை வாயருகே வைத்துக் கடித்துக் காட்டினாள்.